காணி தோக்கேல்ல, காணிக்காரர்தான் தோத்தார்: போல் ரைக்மன் கேஸ்

கல்லடியிலயோ நாவற்குடாவிலயோ எந்தக் காணி புரோக்கரக் கேட்டாலும் ஒரே கதைதான், "காணியில போட்ட காசு தோக்காது தம்பி". வங்கிகளுக்கு காணி, வீடு விலைமதிப்பு செய்து குடுக்கிறது என்ட தொழில், அதால இந்தக் கதை காதுல விழாத கிழமை இல்ல. அது பொய்யுமில்ல. ஆனா காணி தோக்காமலே காணிக்காரர் தோத்த கேஸ் ஒண்டு இருக்கு, அதுவும் சின்னச் சல்லிக் கேஸ் இல்ல, அத ஆறுதலா இருந்து எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டு இருந்தன். இப்ப மட்டக்களப்புல வெளிநாட்டுக் காச நம்பி பிளட் (மாடிக் குடியிருப்பு) கட்டப்போறம், காணி துண்டு போட்டு விக்கப்போறம் எண்டு நாளுக்கொரு ஆள் ஃபைலத் தூக்கிக்கொண்டு வாறாங்க, அவங்களுக்கும் பிரயோசனப்படும்.

ஆள்ட பேர் போல் ரைக்மன். கனடாக்காரர், ஆனா பிறந்தது கனடாவில இல்ல. ரொறன்ரோவில இருக்கிற நம்மட ஆக்களுக்கு இவர்ட பேர் தெரியாட்டியும் கட்டடம் தெரியும், டவுன்ரவுனுக்குள்ள நிக்கிற 72 மாடி ஃபெர்ஸ்ட் கனேடியன் பிளேஸ், பேங்க் ஒஃப் மொன்றியல் பேர் போட்ட அந்த டவர், அத கட்டினது இவங்கட குடும்பக் கொம்பனி. லண்டன் ஆக்களுக்கு இன்னும் லேசு, கனேரி வோர்ஃப். கொம்பனிட பேர் ஒலிம்பியா அண்ட் யோர்க். 1980கள் முடியக்குள்ள உலகத்துல உள்ள ஆகப் பெரிய கட்டட டெவலப்பர்கள்ல ஒண்டு. 1992 மே மாசம் அது விழக்குள்ள தலையில இருந்த கடன் கிட்டத்தட்ட 20 பில்லியன் அமெரிக்க டொலர்.

முட்டை வியாபாரிட மகன்

தகப்பன் சாமுவேல் ரைக்மன் ஹங்கேரிக்கார யூதர், முட்டைய மொத்தமா வாங்கி வெளிநாட்டுக்கு ஏத்துற வியாபாரம். அந்த வியாபாரத்தோட வியன்னாவுக்கு இடம் மாறினவர். போல் 1930ல அங்க பிறந்தவர், ஆறு பிள்ளைகள்ல ஒராள். 1938 மார்ச்ல ஹிட்லர்ட படை ஒஸ்ரியாவுக்குள்ள வந்த நேரம் குடும்பம் ஹங்கேரியில நிண்டது, சுகமில்லாத சொந்தக்காரரப் பாக்கப் போனவங்க. அதோட வியன்னா வீடு முடிஞ்சுது. அங்க இருந்து பாரிஸ், 1940ல ஜேர்மன்காரன் பாரிஸையும் பிடிக்க தெற்கால ஓடி ஸ்பெயினக் கடந்து ஆபிரிக்கக் கரையில டான்ஜியர். ரெண்டு வருஷத்துக்குள்ள ரெண்டு தரம் வீடு விட்டு ஓடின ஆக்கள்.

டான்ஜியர் அப்ப எந்த ஒரு நாட்டுக்கும் முழுசாச் சொந்தமில்லாத சர்வதேசத் துறைமுகம், எந்த நாட்டுக் காசையும் அங்க மாத்தலாம். முட்டைக்காரர் சாமுவேல் காசு மாத்துற ஆளா மாறி, மறுகா வங்கிக்காரர் மாதிரியே ஆகிட்டார். தாய் ரெனே சும்மா இருக்கேல்ல, ஸ்பானிய செஞ்சிலுவைச் சங்கத்தப் பிடிச்சு நாசி முகாம்களுக்குள்ள அடைபட்டுக் கிடந்த ஆக்களுக்கு சாப்பாட்டுப் பார்சல் ஆயிரக்கணக்குல அனுப்பினவ. போர்க்காலத்துல பார்சல் அனுப்பிறதெண்டா என்னெண்டு நம்ம பக்கத்து ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

இதுல ஒண்டச் சொல்லியாகோணும். புலம்பெயர்ந்து முன்னேறின ஆக்கள்ட கதைய நாம எப்பவும் "வெறுங்கையோட போய் இறங்கினார்" எண்டுதான் தொடங்குவம். ரைக்மன் குடும்பம் வெறுங்கையோட போகேல்ல. டான்ஜியர்ல உழைச்ச முதல் கையில இருந்தது, நாலஞ்சு நாட்டு வியாபாரிகளோட பழக்கம் இருந்தது, சொன்ன சொல்லு மாறாத ஆக்கள் எண்ட பேரும் இருந்தது. அகதியா ஓடினது உண்மை, ஏழையாப் போனதெண்டு சொன்னா அது பிழை. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனெண்டா பின்னால வங்கிகள் இவங்களுக்கு கண்ண மூடிக்கொண்டு குடுத்ததுக்கு அந்தப் பேரும் ஒரு காரணம்.

1950கள்ல மூத்த சகோதரங்கள் கனடாவுக்குப் போய் மொன்றியல்ல தரைக்கும் சுவருக்கும் ஒட்டுற டைல்ஸ் இறக்குமதி செய்யத் தொடங்கினாங்க, மறுகா ரொறன்ரோவிலயும் ஒரு கிளை. போல் அதுவரைக்கும் வியாபாரப் பக்கமே பெருசா இல்ல, இங்கிலாந்திலயும் இஸ்ரேலிலயும் வேதம் படிச்ச ஆள், மொரோக்கோவில யூதப் பள்ளிக்கூட வேலை பாத்தவர். பல்கலைக்கழகப் படிப்போ எஞ்சினியர் படிப்போ ஒண்டும் இல்ல.

டைல்ஸ் கடைக்கு ஒரு ஸ்டோர் தேவைப்பட்டுது. கட்டித்தர கொந்தராத்துக்காரர்கிட்ட விலை கேட்டா ஆகக் குறைஞ்ச கொட்டேஷனே 125,000 டொலர். போல் அத வாங்கி வச்சுப் பாத்தார், கூடவா இருக்கு எண்டு அவருக்குப் பட்டுது, தானே நிண்டு ஆக்களப் பிடிச்சுக் கட்டினார், 70,000 டொலரோட முடிஞ்சுது. கட்டடம் கட்டுற தொழிலுக்கு இவங்க வந்த வழி இதுதான், பெரிய கனவு ஒண்டும் இல்ல, கொட்டேஷன்ல இருந்த 55,000 டொலர் வித்தியாசம். மறுகா மற்ற ஆக்களுக்கும் ஸ்டோர், ஃபக்டரி எண்டு கட்டிக்குடுக்கத் தொடங்கினாங்க. என்ட கணிப்புல ரைக்மன்ட முழு வாழ்க்கையும் இந்த ஸ்டோருக்குள்ள இருக்கு. மற்ற ஆக்கள்ட கணக்குப் பிழை, என்ட கணக்குச் சரி, அதால நானே செய்யிறன். முப்பது வருஷம் அது சரியாத்தான் போச்சு.

ஏறின காலம்

1965ல நியூயோர்க்ல பெரிய கை எண்டு பேரெடுத்த வில்லியம் செக்கன்டோர்ஃப்ட கொம்பனி முறிஞ்சுது. அவங்கட கையில ரொறன்ரோவில ஃபிளெமிங்டன் பார்க் எண்ட பெரிய நிலம் பாதியில நிண்டது, ரைக்மன் ஆக்கள் அத வாங்கி கட்டிமுடிச்சு காசு பாத்தாங்க. ரொறன்ரோவுக்குப் போன நம்மட ஆக்கள்ல கனபேர் முதல்ல வாடகைக்கு இருந்த பக்கம் அது. முறிஞ்சவன்ட காணிய மலிவா எடுத்துத்தான் இவங்க பெரியாளானது, பின்னால இவங்கட காணியையும் அப்படித்தான் எடுத்தாங்க, அது பிறகு வரும்.

ஃபெர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் 1975ல முடிஞ்சுது. அந்த வேலையப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் உயரத்த விட வேலை நடந்த விதத்தத்தான் சொல்லுவாங்க. 72 மாடியெண்டா சாமான் மேல போறதுதான் தலையிடி, மேசன் கைய கட்டிக்கொண்டு நிப்பான், கீழ லொறி வரிசையில நிக்கும். இவங்க லொறி எப்ப வரோணும், எந்த லிஃப்ட்ல என்ன போகோணும் எண்டு நேரம் குறிச்சு ஓடவச்சாங்க. வெளிச்சுவருக்கு இத்தாலி கராரா வெள்ளை மாபிள். அதுதான் பின்னால கழுத்தறுத்துது, ரொறன்ரோட குளிரும் வெயிலும் மாறிமாறிப் பட்டு மாபிள் பலகை வளையத் தொடங்கி, 2007ல ஒரு பலகை கழண்டு விழுந்து ரோட்ட மூடவேண்டி வந்துது. மறுகா முழு மாபிளையும் கழட்டிட்டு கண்ணாடி போட்டாங்க. டைல்ஸ் வியாபாரிட கட்டடத்துல ஒட்டின கல்லு கழண்டது எண்டு என்ட மச்சான் ரொறன்ரோவில இருந்து போன்ல சொல்லிச் சிரிச்சவன்.

1977ல நியூயோர்க். அந்த நகரசபை ரெண்டு வருஷத்துக்கு முதல்தான் வங்குரோத்துக்குக் கிட்டப் போய் வந்தது, ஆபீஸ் கட்டடம் வாங்க ஆளில்ல. அப்ப யூரிஸ் எண்ட கொம்பனிட எட்டுப் பெரிய கட்டடத்த மொத்தமா 320 மில்லியன் டொலர் மட்டுல வாங்கினாங்க, அதுலயும் கைக்காசு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கடன். எல்லாரும் பைத்தியமெண்டாங்க, பத்து வருஷத்துக்குள்ள அதுட பெறுமதி பல மடங்கு. அடுத்தது ஹட்சன் ஆத்தங்கரை, உலக வர்த்தக மையம் கட்டக்குள்ள தோண்டின மண்ணக் கொட்டி நிரவின நிலத்துல நாலு டவர், வேர்ல்ட் ஃபினான்ஷியல் சென்டர். குடிவர ஆக்களில்லையா, பழைய இடத்துல அவங்களுக்கு இருக்கிற வாடகை ஒப்பந்தத்த நாங்க பொறுப்பெடுக்கிறம், நீங்க வாங்க எண்டு சொல்லி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், மெரில் லிஞ்ச் மாதிரி ஆக்களக் கொண்டுவந்தாங்க. வெத்துநிலத்த ஊராக்கிற வித்தை கையில வந்திட்டுது.

ஆள்ட பழக்கவழக்கமும் சொல்லோணும். கறுப்புக் கோட், தலையில யூதத் தொப்பி, சத்தம் போட்டுக் கதைக்காத மனிசன். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டா உலகத்துல எங்க இவங்கட சைட் இருந்தாலும் வேலை நிக்கும், சனி பொழுதுபட்டாத்தான் திரும்ப. எவ்வளவு அவசரமெண்டாலும் மாத்தமில்ல. பேருக்கு ஒரு சின்னக் கறையும் விழவிடமாட்டாங்க, 1987ல ரொறன்ரோ சஞ்சிகை ஒண்டு குடும்பத்துட பழைய காலத்தக் கிண்டி எழுத, 102 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டு, 1991ல அந்தச் சஞ்சிகைய மன்னிப்புக் கேக்க வச்சுத்தான் விட்டாங்க. கைகுடுத்தாக் காணும், எழுத்துத் தேவையில்ல எண்டு வங்கிக்காரரே சொன்ன குடும்பம்.

கனேரி வோர்ஃப்

லண்டன்ட கிழக்குப் பக்கம், தேம்ஸ் ஆறு வளையிற இடத்துல, 1802ல திறந்த மேற்கிந்திய டொக். ஒரு காலம் சீனியும் வாழைப்பழமும் இறங்கின துறைமுகம், கொன்டெய்னர் வந்தாப்பிறகு சீவன் போய் 1980ல பூட்டினாங்க. அரசாங்கம் அந்தப் பக்கத்த எழுப்ப 1981ல ஒரு அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் போட்டு, அடுத்த வருஷம் அந்தப் பகுதிய பத்து வருஷ வரிச்சலுகை வலயமாக்கினாங்க. முதல்ல அமெரிக்க ஆக்கள் ஒரு திட்டம் போட்டுக் கைவிட, 1987 ஜூலையில ரைக்மன் எடுத்தார். நேரம் நல்லாத்தான் இருந்தது, 1986ல லண்டன் பங்குச்சந்தை விதிமுறையெல்லாம் தளர்த்தினாப்பிறகு வங்கிகளுக்கு பெரிய பெரிய தளம் வேணும், லண்டன்ட பழைய வங்கி வட்டாரம், சிட்டி எண்டு சொல்லுவாங்க, அதுக்குள்ள இடமில்ல. ஒரு கோடி சதுர அடிக்கும் மேல ஆபீஸ், நடுவுல 50 மாடி டவர், அதுக்குப் பேரும் ஒன் கனடா ஸ்குயார்.

பிரச்சினை ரோட்டுலதான். அப்ப அந்தப் பக்கம் போறதுக்கு இருந்தது 1987ல திறந்த சின்ன ரயில், டிஎல்ஆர், அதுவும் அடிக்கடி பழுதாகும். எனக்கு இத வாசிக்கக்குள்ள மண்முனைதான் ஞாபகம் வந்தது. 2014ல பாலம் திறக்கும்வரைக்கும் படுவான்கரைக்குப் போறதெண்டா மண்முனைத்துறையில பாதைக்கு, அதாவது ஆக்களையும் வண்டியையும் ஏத்துற மிதவைக்கு, காத்துநிண்டு வாவி கடக்கோணும், கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல காணி இருந்தாலும் ரவுன் ஆள் திரும்பியும் பாக்கமாட்டான். பாலம் வந்தாப்பிறகு பாருங்க. அதே காணி, அதே மண். ஆனா பாலம் வருமெண்டு 2004லயே கடன்பட்டு அந்தக் காணிய வாங்கி வச்சிருந்தவன் பாலம் வரக்குள்ள எங்க நிப்பான்?

ரைக்மனுக்கு இது தெரியாம இல்ல. ஜூபிலி பாதாள ரயில் பாதைய அந்தப் பக்கம் நீட்டினா தான் 400 மில்லியன் பவுண் தாறன் எண்டு அரசாங்கத்தோட பேசி ஒத்துக்கொள்ள வச்சார். பிரதமர் தட்சர் அம்மாவும் இவர்ட பக்கம். ஆனா ரயில் வேலை இழுபட்டுது. தட்சர் 1990ல பதவி போய் இறங்கினா. சிட்டிக்காரங்க சும்மா இருந்தாங்களா, வாடகைக்காரர் கிழக்கால போயிருவாங்கள் எண்ட பயத்துல தங்கட பக்கத்துல புதுக் கட்டடத்துக்கு அனுமதிய அள்ளிக் குடுத்தாங்க, லண்டன் முழுக்க ஆபீஸ் பெருகி வாடகை விழுந்துது. வட்டி 1989 ஒக்டோபர்ல இருந்து ஒரு வருஷம் 15 சதவீதத்துல நிண்டுது. 2022 ஏப்ரல்ல நம்மட மத்திய வங்கி ஒரே நாள்ல 7 சதவீதப் புள்ளி ஏத்தி கடன் வட்டிய 14.5 ஆக்கினது ஞாபகம் இருக்குந்தானே, அதுக்குப் புறவு ஏறாவூர்ல இருந்து களுவாஞ்சிக்குடி மட்டும் மெயின் ரோட்டால போனா கம்பி நீட்டிக்கொண்டு நிண்ட தூண்கள எண்ணலாம், அதுல சிலதுட ஃபைல் என்ட மேசையிலயும் வந்தது. லண்டன்ல அப்ப நடந்ததும் அதுதான், தூண் மட்டும் பெருசு.

1991ல டவர் திறந்தாச்சு, பிரித்தானியாவில ஆக உயர்ந்த கட்டடம், உள்ள போனா மாடி மாடியா வெறுமை. நியூயோர்க்ல செய்த அதே வித்தையத்தான் இங்கயும் செய்தார், வாடகைக்கு வாற ஆக்கள்ட பழைய ஒப்பந்தத்தப் பொறுப்பெடுக்கிறது. சந்தை ஏறக்குள்ள அது நல்ல வித்தை, ஏனெண்டா அந்தப் பழைய இடத்த வேற ஆளுக்கு விடலாம். சந்தை இறங்கக்குள்ள உன்ட கட்டடமும் வெறுமை, நீ பொறுப்பெடுத்த பழைய கட்டடமும் வெறுமை, ரெண்டுக்கும் நீயே காசு கட்டோணும். மோர்கன் ஸ்டான்லி தன்ட கட்டடத்த ஒப்பந்தப்படி நீங்க வாங்கோணும் எண்டு கோட்டுக்குப் போய் வெண்டும் போட்டுது.

கடன்ட விசயம்

இந்தக் கேஸ்ல எனக்கு ஆக முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையா வாசிங்க. பத்துப் பதினைஞ்சு வருஷத்துலதான் பலன் தரப்போற கட்டடம். அதுக்கு எடுத்த காசுல பெரிய பங்கு குறுங்காலக் காசு, 30 நாள் 90 நாள்ல திருப்பிக் குடுக்கிற கடன் பத்திரம். தவணை வந்தா புதுப் பத்திரத்த வித்து பழசக் கட்டுறது. நல்ல காலத்துல ஒரு பிரச்சினையுமில்ல, மலிவு வேற. ஆனா ஒரே ஒரு கிழமை புதுப் பத்திரம் வாங்க ஆளில்லாமப் போனா கதை சரி.

ரெண்டாவது, எல்லாம் ஒரே சட்டைப்பைக்குள்ள. நியூயோர்க் கட்டடங்கள்ட பெறுமதி ஏற ஏற அதுகள ஈடு வச்சு எடுத்த காச லண்டன்லயும் போட்டாங்க, 80கள்ல எண்ணெய்க் கொம்பனி கல்ஃப் கனடா, கடதாசிக் கொம்பனி அபிட்டிபி பிரைஸ் எண்டு தொழில் தெரியாத பக்கத்திலயும் போட்டாங்க, கம்போ எண்ட இன்னொரு கனடாக்காரர் அமெரிக்கக் கடைகள வாங்கித் தள்ள அவருக்கும் குடுத்தாங்க, அவர் 1990 ஜனவரியில முறிஞ்சார். கனேரி வோர்ஃபுக்கு பங்காளியும் சேக்கேல்ல, முதல்லயே கட்டடம் முழுக்க வாடகைக்காரர எழுதி வாங்கவும் இல்ல. ஸ்டோர் கட்டின ஆள்தானே, தன்ட கணக்க நம்பினார்.

மூண்டாவது, குடும்பக் கொம்பனி எண்டதால மொத்தக் கணக்கு வெளிய வராது. ஒவ்வொரு வங்கியும் தான் கடன் குடுத்த கட்டடத்துட பேப்பர மட்டும்தான் பாத்தது. ரைக்மன்ட பேருக்குத்தான் கடன், ஆக்கள் அந்த மாதிரி. ஆரையம்பதியில எனக்குத் தெரிஞ்ச வயசான கொந்தராத்து ஐயா ஒராளுக்கு இந்தக் கதையச் சொன்னன், கேட்டார்,

"அப்ப அவருக்கு எத்தின பேங்க் மனே?"

"கிட்டத்தட்ட நூறு ஐயா."

"அதுதான், நூறு பேர் பாத்தா மற்றவன் பாத்திருப்பான் எண்டு ஒருத்தனும் பாத்திருக்கமாட்டான்."

1992 பெப்ரவரியில கனடாவில கடன்தரம் போடுற நிறுவனம் இவங்கட பத்திரத்த ஒருபடி இறக்கிச்சு. அவ்வளவுதான். பத்திரம் வாங்க ஆளில்ல, பழசக் கொண்டுவந்து காசு கேக்கிறாங்கள். வங்கிகள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினாப்பிறகுதான் மொத்தக் கடன் எவ்வளவெண்டு அவங்களுக்கே விளங்கிச்சு. மே 14 கடன் குடுத்த ஆக்கள்ட பிடியில இருந்து தப்ப கனடாவில கோட்டுப் பாதுகாப்பு, அதே மாசக் கடைசியில கனேரி வோர்ஃப் கோட்டு நியமிச்ச நிர்வாகிகள்ட கைக்குப் போச்சு. ரயிலுக்கு குடுக்கவேண்டிய முதல் தவணை 40 மில்லியன் பவுணும் குடுபடேல்ல, அதால ரயில் வேலையும் தொடங்காம நிண்டுது. ரயில் இல்லாததால கட்டடம் நிரம்பேல்ல, கட்டடம் நிரம்பாததால ரயிலுக்குக் காசில்ல.

அதுக்குப் பிறகு

ஆள் ஒழும்பாமக் கிடக்கேல்ல. 1993ல வங்கிகள் கனேரி வோர்ஃப நிர்வாகிகள்ட கையில இருந்து எடுத்து, ரயிலுக்கான காசையும் குடுத்து வேலையத் தொடங்க வச்சாங்க. 1995 கடைசியில சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் மாதிரி ஆக்களச் சேத்துக்கொண்டு போல் ரைக்மன் வங்கிகள்கிட்ட இருந்து அதே இடத்த 800 மில்லியன் பவுணுக்குத் திருப்பி வாங்கினார், கட்டின செலவ விடக் கனக்கக் குறைவு. முறிஞ்சவன்ட காணிய மலிவா எடுக்கிறது அவருக்குப் பழகின வேலைதானே, இந்தமுறை முறிஞ்சவனும் அவரே. 1999ல ஜூபிலி ரயில் வந்துது, நோர்மன் ஃபோஸ்டர் வரைஞ்ச பெரிய ஸ்டேஷன், அதே வருஷம் கொம்பனி லண்டன் பங்குச்சந்தைக்கும் போச்சு. சிட்டிகுரூப், எச்எஸ்பிசி எண்டு டவர் டவரா எழும்பிச்சு. அந்த எச்எஸ்பிசி ஆக்களும் 1992ல இவர்கிட்ட காசு மாட்டின வங்கிகள்ல ஒண்டு. இடத்தப் பற்றி அவர் போட்ட கணக்கு சரி, முழுசாச் சரி, வருஷம் மட்டும்தான் பிழை.

ஆனா திருப்பி வாங்கினாப்பிறகு அது அவர்ட தனிக் காணி இல்ல, அவர் அதுல ஒரு பங்குக்காரர் மட்டும். 2004ல மோர்கன் ஸ்டான்லி பின்னுக்கு நிண்ட சோங்பேர்ட் எண்ட கூட்டு கிட்டத்தட்ட 1.7 பில்லியன் பவுணுக்கு கொம்பனிய எடுக்க, போட்டிக்கு நிண்ட இவரால பிடிக்க ஏலாமப் போச்சு. 2013 ஒக்டோபர்ல 83 வயசுல ரொறன்ரோவில காலமானார். 2015ல கட்டார் அரச முதலீட்டு ஆக்களும் கனடா புரூக்ஃபீல்டும் சேந்து கனேரி வோர்ஃப வாங்கினாங்க. நியூயோர்க் ஆத்தங்கரை டவர்களும் புரூக்ஃபீல்ட்கிட்டதான், பேரும் புரூக்ஃபீல்ட் பிளேஸ். டைல்ஸ் கொம்பனி மட்டும் அந்தப் பெரிய முறிவுலயும் தப்பிச்சு, அத நடத்தின தம்பி ரால்ஃப் கட்டடப் பக்கத்து ஆட்டத்துக்கு அதக் கனக்க இழுபட விடேல்லப் போல.

இந்தக் கேஸ வச்சுப் பாத்தா விலைமதிப்புல நாங்க எழுதிற "சந்தைப் பெறுமதி" பாதி விசயம்தான். காணி உறுதிக் காணியா பெர்மிட் காணியா, பேர்ச் என்ன விலை, ரோட்டு எத்தின அடி, எல்லாம் ஃபோர்ம்ல இருக்கு. இந்த ஆள் எடுக்கிற கடன் எத்தின மாசத்துல திருப்பணும், கட்டடத்துல இருந்து முதல் சல்லி எத்தினையாம் மாசம் வரும் எண்ட ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதுக்கு ஃபோர்ம்ல ஒரு கட்டமும் இல்ல. பிளட் கட்டப்போறன் எண்டு வாற ஆக்கள்கிட்ட நான் இப்ப வாயால கேக்கிறன். மறுமொழி கனபேரிட்ட ஒண்டுதான், "கனடாவில இருந்து காசு வரும் அண்ணன்". எந்த மாசம் எண்டா சிரிப்பாங்க. வேற எதைக் காட்டி கடன் எடுத்திருக்கிறீங்க எண்டு கேட்டா சிரிப்பும் நிண்டிரும், பொஞ்சாதிட சீதன வீடு ஏற்கெனவே ஈட்டுல கிடக்கும்.

புரோக்கர்மார் இத வாசிச்சா கேப்பாங்க, அப்ப காணி தோக்கேல்லத்தானே எண்டு. 2022 மே மாசத்துல எலிசபெத் லைன் எண்ட மூண்டாவது ரயிலும் கனேரி வோர்ஃபுக்கு வந்திட்டுது. அடுத்த வருஷமே எச்எஸ்பிசி சொல்லிட்டாங்க, 2027 மட்டுல அந்த டவர விட்டிட்டு பழைய சிட்டிக்கே திரும்பப் போறமெண்டு, கொவிட்டுக்குப் பிறகு ஆக்கள் வீட்டிலிருந்து வேலை செய்யிறதால அவ்வளவு பெரிய இடம் இனித் தேவையில்லயாம். ரோட்டு இல்லாததால வெறுமையாக் கிடந்த இடத்துல ரோட்டு மூண்டும் வந்தாப்பிறகு வாடகைக்காரர் போறார். இத கட்டார்காரர் எப்படிச் சமாளிப்பாங்க எண்டதுக்கு இன்னொரு கேஸ் எழுதலாம், இப்ப ஃபைல் ஒண்டு பாக்க களுவாஞ்சிக்குடிக்குப் போகோணும்.